எழுபத்தொன்றாம் எண்காரன்

தேனியில் ஒரு பாத்திரக்கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில், பன்னிரண்டு பேர் உட்கார்ந்து அமெரிக்கன் ஃபுட்பால் பார்ப்பதுதான் எங்கள் வேலை. சொன்னால் யாரும் நம்புவதில்லை. என் சித்தப்பா இன்றுவரை நான் கால் சென்டரில் இருப்பதாகவே சின்னமனூர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடுகிறவர்களின் வீடியோக்கள் எங்களுக்கு வரும். ஒவ்வொரு ஆட்டத்தையும் துண்டு துண்டாக நிறுத்தி, யார் எங்கே நின்றான், எந்தப் பக்கம் ஓடினான், பந்து யார் கைக்குப் போனது என்று குறித்து அனுப்ப வேண்டும். சேர்ந்த புதிதில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. பெயர் ஃபுட்பால், ஆடுவதோ பெரும்பாலும் கையால். பந்தும் உருண்டையாக இல்லை. பார்க்கப் பார்க்கத்தான் பிடிபட்டது. நான்கு வாய்ப்புக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். பந்தை எறிகிறவனுக்கு குவாட்டர்பேக் என்று பெயர். நாங்கள் எறிகாரன் என்போம். அவனுக்கு முன்னால் ஐந்து பெரிய உடம்புக்காரர்கள் வரிசையாக நின்று, எதிராளிகள் அவன்மேல் விழாமல் மறிக்க வேண்டும். அந்த ஐந்து பேர் பந்தோடு ஓடுவதே இல்லை. கேமராவும் அவர்களைத் தேடுவதில்லை.

ஏப்ரல் கடைசியில் அங்கே டிராஃப்ட் நடக்கும். கல்லூரி முடிக்கிற ஆட்டக்காரர்களைத் தொழில்முறை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கிற நாள் அது. முந்தைய வருடம் மோசமாகத் தோற்ற அணிக்கு முதல் வாய்ப்பு. இப்படி ஏழு சுற்று. எங்களுக்கு வேலை கொடுத்த நிறுவனம் அப்படித் தோற்ற ஓர் அணிக்காகத்தான் தகவல் சேர்த்தது. அந்த அணியின் எறிகாரன் நல்ல கைக்காரன். ஆனால் முன்வரிசை ஓட்டையாக இருந்ததால் வாரா வாரம் அடிபட்டு, சீசன் பாதியிலேயே தோளில் கட்டுப்போட்டு உட்கார்ந்துவிட்டான். புதிதாக யாரை எடுத்தால் இந்த அணி தேறும் என்பதுதான் கேள்வி. எங்களுக்கு ஒரு பட்டியல் வந்தது. ஒவ்வொருவனுக்கும் படிவம் நிரப்பி மதிப்பெண் போட வேண்டும். கடைசியில் குறிப்பு எழுத ஒரு சின்னக் கட்டம், இரண்டு வாக்கியத்துக்கு மட்டும்.

நான் டீம் லீடர். பட்டியலைப் பிரித்துக் கொடுத்தபோது எல்லோரும் ஓடிப் பந்து பிடிக்கிறவர்களைக் கேட்டு வாங்கினார்கள். பார்ப்பதற்கு அதுதான் சுவாரசியம். முன்வரிசைக்காரர்களை யாரும் தொடவில்லை.

"எனக்குக் குடுங்க தம்பி. அந்தத் தடியங்கள நான் பாத்துக்கிறேன்" என்றார் அக்கா.

அவர் உத்தமபாளையத்துக்காரர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். கணவர் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, பத்து வருடம் கழித்து மறுபடி வேலைக்கு வந்திருந்தார். காலையில் கம்பத்திலிருந்து வரும் பஸ்ஸில் ஏறி வந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஹெட்போனை மாட்டினால் மதியம்வரை நிமிரமாட்டார். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் அக்காதான். நான் அவருக்கு லீடர் என்றாலும் தம்பிதான்.

அந்தத் தடியர்களில் ஒருவனுடைய பனியன் எண் எழுபத்தொன்று. பேர் தெரியாத சின்னக் கல்லூரியிலிருந்து வந்தவன். ஓட்டப் பரிசோதனையில் மெதுவான ஆள். கை நீளமும் போதாது என்று கோப்பிலேயே எழுதியிருந்தது. அரை நாளில் முடித்துவிடக்கூடிய படிவம். அக்கா மூன்று நாள் எடுத்துக்கொண்டார். நான் போய் என்னவென்று கேட்டேன்.

"இங்கன பாருங்க" என்று திரையை என் பக்கம் திருப்பினார். "இவன் தன் ஆள மறிச்சுட்டான். சரியா? இப்ப பக்கத்துல நிக்கிறவனப் பாருங்க, ஏமாந்துட்டான். அவன் விட்ட ஆளையும் இவனே இடுப்பால தள்ளி வெளிய எடுத்துட்டுப் போறான். எறிகாரனுக்கு ரெண்டு விநாடி கிடைச்சுருச்சு."

"ஒரு தடவ நடந்திருக்கும்க்கா."

"ஒரு தடவையா? அஞ்சு மேட்ச் பாத்துட்டேன். அடுத்த பந்துக்கு முன்னாடி என்ன செய்றான் பாருங்க. பக்கத்துல நிக்கிறவன் தப்பா நிக்கிறான், இவன் முட்டியத் தொட்டு நகத்தி விடுறான். இது எந்தக் கட்டத்துல எழுதுறது?"

எழுதுவதற்குக் கட்டம் இல்லை. ஆனாலும் அவர் குறிப்பில் தமிழிலேயே பத்துப் பன்னிரண்டு வரி எழுதிவிட்டார். அன்று சாயங்காலம் அறிக்கையை அனுப்ப வேண்டும். இரண்டு வாக்கியத்துக்கு மேல் இருந்தால் படிவம் திரும்பி வரும். அதைவிட, முட்டியைத் தொட்டான், நகர்த்தினான் என்றெல்லாம் எழுதினால் அங்கே சிரிப்பார்களோ என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. முழுவதையும் அழித்துவிட்டு, "மெதுவான கால், அனுபவம் உண்டு" என்று நானே எழுதி அனுப்பினேன். அதே அறிக்கையில், பந்தை ஒற்றைக் கையால் எட்டிப் பிடிக்கிற ஓர் ஓட்டக்காரனுக்கு முழு மதிப்பெண் போட்டு, இரண்டு வாக்கியத்தையும் புகழ்ச்சியால் நிரப்பியிருந்தேன்.

மறுநாள், நான் அனுப்பிய அறிக்கையின் நகலை அக்கா திறந்து பார்த்தார். என் மேசைக்கு வந்து நின்றார்.

"நான் எழுதுனது எங்க தம்பி?"

"ஃபார்மட்ல அடங்கலக்கா."

"அடங்கலன்னா சுருக்கித் தாங்கன்னு என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? நான் எழுதாத வார்த்தைய என் பேருக்குக் கீழ போட்டுருக்கீங்க."

ஏதோ மழுப்பினேன். அவர் குரலை உயர்த்தவில்லை. போய் அடுத்த படிவத்தைத் திறந்துகொண்டார். அதன் பிறகு குறிப்புக் கட்டத்தில் அவர் எழுதியதெல்லாம் ஒரே ஒரு வரிதான்.

டிராஃப்டின் முதல் சுற்று நமக்கு வெள்ளிக்கிழமை விடியற்காலையில் தொடங்கும். பல் விளக்காமல் போனைப் பார்த்தேன். எங்கள் அணி, நான் முழு மதிப்பெண் போட்ட அந்த ஓட்டக்காரனையே எடுத்திருந்தது. எங்கள் அறிக்கையைப் பார்த்துத்தான் எடுத்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் எனக்கு அப்படித்தான் தோன்றியது. அலுவலகத்துக்கு ஜாங்கிரி வாங்கிக்கொண்டு போனேன். அக்காவும் ஒன்று எடுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை நான் வந்தபோது அவர் ஏழு சுற்றுப் பட்டியலையும் திறந்துவைத்து, ஒவ்வொரு பெயராக விரலால் தொட்டுக்கொண்டே இறங்கிக்கொண்டிருந்தார். கடைசிப் பெயர்வரை போய்விட்டு திரையில் அந்தப் பக்கத்தை மூடினார்.

"இல்லையாக்கா?"

"யாருமே எடுக்கல" என்றார். ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டே, "அவுகளுக்கு என்ன தெரியும், நாமதான சொல்லியிருக்கணும்" என்றார். 'நாம' என்று அவர் சொன்னதுதான் எனக்குத் தைத்தது. நீங்க என்று சொல்லியிருந்தால் சண்டைபோட்டு மறந்திருப்பேன்.

மதியம் டீக்கடையில் நின்றபோது அவருடன் படித்த இன்னொரு பெண் ஊழியர் சொல்லித்தான் எனக்குத் தெரியும், அக்கா பள்ளிக்கூடத்தில் கபடி ஆடியவர் என்று. இடது கார்னர். பாடிப் போகிறவளைத்தான் ஊரே பார்க்கும். கணுக்காலைப் பிடித்து மடக்குகிறவள் இவர். மாவட்டத் தேர்வுக்குப் போனபோது எத்தனை பாயின்ட் எடுத்தாய் என்று கேட்டார்களாம். பாடிப் போனவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு இவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது போலிருந்தது. மேலே போனதும் அக்காவிடம், அதனால்தான் அந்தப் பையன்மேல் உங்களுக்கு இத்தனை பாசமா என்று கேட்டுவிட்டேன்.

அவருக்குக் கோபம் வந்தது. நான் பார்த்த முதல் கோபம்.

"என் கதைய அவன் தலையில ஏத்தாதீங்க தம்பி. பாவம் பாக்கவா மூணு நாள் உக்காந்தேன்? அவன் நல்லா ஆடுறான். அது ஒண்ணுதான். எங்க அத்தா கபடிய நிறுத்தச் சொன்னாக, நிறுத்துனேன். அது வேற பேச்சு."

அன்றே அந்த நிறுவனத்தில் எங்களோடு தொடர்பில் இருந்த அம்மையாருக்கு மின்னஞ்சல் எழுதினேன். எழுபத்தொன்றைப் பற்றிப் போன குறிப்பு, வீடியோ பார்த்தவர் எழுதியது அல்ல, நான் மாற்றியது என்று முதல் வரியிலேயே சொன்னேன். அக்கா எழுதியது சர்வரில் பழைய பதிப்பாக இருந்தது. அதை முழுதாக ஆங்கிலத்தில் பெயர்த்தேன். எந்த ஆட்டத்தில் எந்த நிமிடம் என்று அக்காவே பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக் கொடுத்தார். அனுப்பும் பொத்தானை அழுத்துமுன் இன்னொரு முறை படித்துப் பார்த்தேன். தகவலைத் திருத்தி அனுப்பினோம் என்று எழுதிக்கொடுப்பது, ஒப்பந்தம் கையைவிட்டுப் போவதற்குப் போதுமான காரணம்.

"அனுப்பணுமாக்கா?"

"நீங்கதான லீடர்" என்றார்.

அனுப்பினேன்.

பத்து நாளுக்கு மேல் பதில் இல்லை. வீரபாண்டித் திருவிழாவுக்காக பஸ்ஸையெல்லாம் சுற்றிவிட்ட ஒரு நாள், அக்கா ஒரு மணி நேரம் தாமதமாக வியர்த்து வந்தார். அவர் தண்ணீர் குடிக்கும்போதுதான் பதில் வந்தது. உண்மையைச் சொன்னதற்கு நன்றி, இனி அப்படித் திருத்த வேண்டாம் என்று கண்டிப்பாக இரண்டு வரி. மூன்றாவது வரியில், அந்த ஆட்டக்காரனை இதுவரை எந்த அணியும் எடுக்கவில்லை, முன்வரிசைப் பயிற்சியாளர் அந்தத் துண்டுகளைப் பார்த்தார், தேர்வு முகாமுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று இருந்தது. நான் சத்தமாகப் படித்தேன். அக்கா டம்ளரைக் கீழே வைக்காமலே, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். பிறகு, "கூப்பிடத்தான செஞ்சிருக்காக, எடுக்கலையே" என்று தன்னைத்தானே அடக்கிக்கொண்டார்.

முகாமில் தாக்குப்பிடித்தான். பயிற்சிக் குழுவில் ஒருவனாக வைத்துக்கொண்டார்கள். பனியன் எண்ணை மாற்றி அறுபத்தாறு கொடுத்துவிட்டார்கள். எங்களுக்கு அவன் எழுபத்தொன்றாகவே இருந்தான். செப்டம்பரில் சீசன் தொடங்கியது, அந்த அணியின் ஆட்டங்களும் எங்களுக்கு வரத் தொடங்கின. அவன் ஓரத்தில் நின்றான். நான் புகழ்ந்த ஓட்டக்காரன் எல்லா ஆட்டத்திலும் இறங்கினான். ஆனால் ஒன்றும் செய்யவில்லை. அவன் தூரம் ஓடி முடிக்கும்முன்பே எறிகாரன் தரையில் கிடப்பான். அந்த ஊர்ப் பத்திரிகைகள் அந்தப் பையனைத் திட்டித் தீர்த்தன. வீணாய்ப்போன தேர்வு என்றார்கள். படிக்க எனக்கே உடம்பு கூசியது.

ஐப்பசி மழையில் கரன்ட் போய்ப் போய் வந்த ஒரு திங்கட்கிழமை, முந்தைய நாள் ஆட்டத்தின் வீடியோ வந்தது. முன்வரிசையில் இரண்டு பேருக்குக் காயம், வேறு ஆள் இல்லை, எழுபத்தொன்று உள்ளே. இன்வெர்ட்டரில் ஓடிய ஒரே கணினியைச் சுற்றிப் பன்னிரண்டு பேரும் நின்றோம்.

முதல் பந்திலேயே அவனை ஒருவன் சுற்றிக்கொண்டு போய் எறிகாரனை வீழ்த்திவிட்டான். நான் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் திரையையே பார்த்தேன்.

"கால முன்னாடி வச்சுட்டான், பயம்" என்றார் அவர். "விடுங்க, ஓட்டுங்க."

இரண்டாவது பந்தில் சற்றுப் பின்வாங்கி நின்றான். அப்புறம் அவன் பக்கத்திலிருந்து ஒருவனும் வரவில்லை. இடைவேளைக்குப் பிறகு, பக்கத்தில் நின்றவனின் முட்டியைத் தொட்டு நகர்த்தினான். அறையில் இருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் "ஏய்!" என்று கத்தினோம், எங்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதென்று பார்க்கிறவர்கள் நினைத்திருப்பார்கள். அந்தப் பந்தில்தான் எறிகாரன் அவசரமில்லாமல் நின்று, பார்த்து, மூச்சை இழுத்து, தூரத்துக்கு எறிந்தான். என் ஓட்டக்காரன் அங்கே போய்ச் சேர்ந்திருந்தான். ஒற்றைக் கையால் பிடித்தான்.

வர்ணனையாளர் அவன் பெயரைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். அக்கா திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"உங்க ஆளும் கெட்டிக்காரன்தான் தம்பி. எறியுறவனுக்கு நிக்க நேரம் வேணும்ல."

எங்கள் அணி அந்த ஆட்டத்தில் தோற்றது. சீசனையும் பெரிதாக முடிக்கவில்லை. கடைசியிலிருந்து நான்கைந்து இடம் மேலே வந்தார்கள், அவ்வளவுதான். ஆனால் எறிகாரன் கடைசி ஆட்டம்வரை இரண்டு காலில் நின்றான். எழுபத்தொன்றுக்கு மறு வருடமும் இடம் கிடைத்தது.

இந்த வருடப் படிவத்தில் குறிப்புக் கட்டத்துக்கு வரம்பு இல்லை. முன்வரிசைப் பட்டியல் முழுவதும் அக்காவின் பொறுப்பு. கூட இரண்டு பேர். ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பது மட்டும் அவர் போட்ட நிபந்தனை. நான் எதையும் அழிப்பதில்லை. ஒத்துக்கொள்ளாத இடத்தில் எழுந்து போய்ச் சண்டை போடுகிறேன். அவரும் சளைக்காமல் போடுகிறார். இந்த ஏப்ரலில், சண்டையே இல்லாமல் நாங்கள் இருவரும் ஒருவனை ஆகா ஓகோ என்று எழுதினோம். அணியும் அவனையே எடுத்தது. அவன் முகாமின் இரண்டாம் நாளே, இந்த ஆட்டம் எனக்குப் பிடிக்கவில்லை, விவசாயம் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போய்விட்டானாம்.