குவைத்தில் ஒரு கணவர்

கெய்ரோவுக்கு வெளியே, அக்டோபர் என்ற பெயருள்ள புறநகரின் மாலில் ஒரு துணிக்கடையில், வாங்கிய உடுப்பை அளவுக்குப் பிடித்துத் தைத்துக் கொடுப்பவள் இன்ஷிராஹ். நாற்பத்தெட்டு வயது, கல்யாணம் கூடிவரவில்லை. கெய்ரோவுக்குள் இம்பாபாவில் தம்பி வீட்டில் ஓர் அறையில் இருந்தாள். தம்பி மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அறையைக் காலி செய் என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை. அவள் அறைக்குப் புதுப் பெயிண்ட் மட்டும் அடித்தார்கள். அவள் மால் பக்கம் வாடகைக்கு வீடு தேடத் தொடங்கினாள்.

வேலை முடிந்ததும் வீட்டு புரோக்கர் அவத் என்பவனின் பின்னால் மாடி மாடியாக ஏறி இறங்கினாள். போன இடமெல்லாம் ஒரே கேள்வி, கூட ஆம்பிளை யார் என்று. ஒருவர் சாவியைக் கொடுத்துவிட்டு, விஷயம் தெரிந்ததும் பிடுங்காத குறையாகத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

அவத் சலித்துப்போனான். "அக்கா, உங்க வீட்டுக்காரர் குவைத்துல இருக்கார்னு சொல்லிடுவோம். பேரு காமில்."

"இல்லாத மனுஷனையா?"

"இருக்குற புருஷனுங்க மட்டும் என்னத்தக் கிழிச்சாங்க? என் பொண்டாட்டியக் கேளுங்க."

ஹாஜி மித்வல்லியின் கட்டடத்தில் வீடு கிடைத்தது. எதிர்வீட்டு நவால் நல்ல பெண். காமில் எப்போது வருவார், என்ன வேலை என்று வாஞ்சையாக விசாரிப்பாள். லீவு கிடைக்கவில்லை, சர்க்கரை வியாதி, விமானம் என்றால் பயம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சமாளித்தாள் இன்ஷிராஹ். எங்கே வாய் தவறிவிடுமோ என்று யாரையும் உள்ளே கூப்பிடுவதில்லை. யார் வீட்டுக்கும் போவதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, டிவியைப் போட்டுவிட்டு, தனியாகச் சாப்பிடுவாள்.

வாடகை ஒப்பந்தம் முடியும் சமயத்தில் ஹாஜி வந்தார். இந்தத் தடவை உன் வீட்டுக்காரர் நேரில் வந்து கையெழுத்துப் போடட்டும், ஒருநாளாவது முகத்தைப் பார்க்க வேண்டாமா என்றார். மறுநாள் காலை இன்ஷிராஹ் நவாலின் கதவைத் தட்டி, காமில் மாரடைப்பில் போய்விட்டார், அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள் என்றாள். அத்தோடு முடிந்துவிடும் என்று நினைத்தாள்.

நவால் அலறிக்கொண்டு அவளைக் கட்டிக்கொண்டாள். மதியத்துக்குள் கட்டடத்துப் பெண்கள் எல்லோரும் கறுப்பில் வந்துவிட்டார்கள். யாரோ குர்ஆன் ஓதும் ஒலிநாடாவைப் போட்டார்கள், யாரோ துக்க வீட்டு வழக்கப்படி சர்க்கரை போடாத காபி கொண்டுவந்தார்கள். ஒருத்தி அவள் தலையை மடியில் வைத்துத் தடவிக் கொடுத்தாள். அந்தக் கை பட்டதும் இன்ஷிராஹுக்கு அழுகை வந்தது. பாசாங்கு இல்லை. அவளால் நிறுத்த முடியவில்லை.

"ரொம்ப நல்லவரா இருந்திருப்பாரு," என்றாள் நவால்.

"நல்லவருதான்," என்று விக்கினாள் இன்ஷிராஹ். "ஒருநாளும் என்னை அதட்டினதில்ல."

ஹாஜி வாசலில் நின்றே பேசினார். "கையெழுத்தெல்லாம் கெடக்கட்டும், தாயி. நீ இருக்குற வரைக்கும் இது உன் வீடுதான்."

மூன்று நாள் துக்கம் முடிந்து பெண்கள் கலைந்துபோனார்கள். அவள் கோப்பைகளைக் கழுவி வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். ஒரு வருஷம் கறுப்பில்தான் வெளியே போனாள். கடையில் கறுப்பு ஆகாது. மாலின் கழிப்பறையில் உடை மாற்றிக்கொள்வாள். ஆரம்பத்தில் நவால் அடிக்கடி வந்தாள், பிறகு எப்போதாவது. சில சாயங்காலங்களில் இன்ஷிராஹுக்குக் காமிலைப் பற்றி யாரிடமாவது பேச வேண்டும்போல் இருக்கும். கேட்கத்தான் ஆள் இல்லை.