வாயை மூடிக்கொண்டு ஸ்பெல்லிங்

காதில் விழுந்ததை எழுத்தாகப் பிரிக்கத் திணறுபவர்களுக்கு, சத்தம் போட்டுச் சொன்னால் போதும் என்றுதான் நான் நம்பியிருந்தேன். நம்பியதோடு நிற்காமல் செய்தும் காட்டினேன். பெங்களூரு கன்டோன்மென்ட் பக்கம் ஒரு சர்ச் ஹாலில், ஞாயிறு மதியம், பெரியவர்களுக்கான ஆங்கில ஸ்பெல்லிங் வகுப்பில் சொல்லிக்கொடுக்கப் போயிருந்தேன். முதல் நாள் நான் போட்ட கூச்சலில், பக்கத்து அறையில் பாட்டுப் பயிற்சி செய்துகொண்டிருந்தவர்கள் அடிதடி என்று நினைத்து ஓடிவந்துவிட்டார்கள்.

"கிவி சென்னாகிதே சார், கூகபேடி" என்றார் மஞ்சுநாத். காது நன்றாகத்தான் இருக்கிறது, கத்தாதீர்கள் என்று பொருள். என்னிடம் படிக்க வந்தவர்; பீன்யா தொழிற்பேட்டையில் மெஷின் ஓட்டுபவர், என் வயதுக்காரர். ஷிஃப்ட் இன்சார்ஜ் பதவி தேடி வந்தும், ஒருமுறை வேண்டாமென்று சொன்னவர். இன்சார்ஜ் என்றால் ஷிஃப்ட் மாறும்போது எல்லோர் முன்னிலையிலும் போர்டில் ஆங்கிலத்தில் எழுத வேண்டுமே. இம்முறை அடுத்த மாதம் எழுதிக் காட்டு, இல்லையென்றால் வேறு ஆளுக்குத்தான் என்று மேனேஜர் சொல்லிவிட்டாராம்.

வகுப்பை நடத்துகிற ஸ்டெல்லா மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அண்ணா, நீங்க வாயத் தொறக்காம சொல்லிக்குடுங்க பாக்கலாம்."

"வாயில்லாம எப்படி மிஸ்?"

"கை சும்மாதானே இருக்கு?" என்று ஒரு தட்டில் ரவையைப் பரப்பி நீட்டினார்.

மதுரையில் அப்பா, வாத்தியார், மாமனார் என்று பலர் முயன்றும் மூட முடியாத வாய் இது. இங்கே ஒரு தட்டு ரவை மூடிவிட்டது. சொல்லைத் துண்டு துண்டாக விரலால் எழுதுவேன். மஞ்சுநாத் அதன்மேலேயே விரலை ஓட்டுவார், அழிப்பார், பிறகு கண்ணை மூடித் தானே எழுதுவார். ஃபேனைப் போட்டால் பாடம் பறந்துவிடும் என்பதால் வியர்த்துக்கொண்டே படித்தோம்.

"இதரல்லி உப்பிட்டு மாடபஹுதா சார்?" என்று ரவையைக் காட்டி, இதில் உப்புமா செய்யலாமா எனக் கேட்பார்.

"முதல்ல போர்டுல எழுத வேண்டிய 'மெயின்டெனன்ஸ்' ஸ்பெல்லிங், அப்புறம் உப்புமா" என்று ஜாடை காட்டுவேன்.

அவர் எழுத வேண்டிய நாளில் என்னால்தான் உட்கார முடியவில்லை. ஆபீஸில் நான் நடந்த நடையைப் பார்த்து, "வீட்ல யாருக்காவது பிரசவமா சார்?" என்று விசாரித்தார்கள். மாலையில் அவர் போன் வந்தது. பின்னால் மெஷின் சத்தம், முன்னால் வேகமான கன்னடம். இத்தனை வருடம் இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்தும் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பாஸா ஃபெயிலா என்றுகூடத் தெரியவில்லை.

"பிடி சார், பரெது களிஸ்தீனி" என்றார். விடுங்கள், எழுதி அனுப்புகிறேன்.

ஆங்கிலத்தில் மெசேஜ் வந்தது. போர்டில் எழுதினார். ஒரு சொல் தப்பாகியிருக்கிறது, அவரே பார்த்துத் திருத்தியிருக்கிறார். திங்கட்கிழமை முதல் ஷிஃப்ட் இன்சார்ஜ்.