மூன்று இலைக் கன்று

தீர்த்தம்மாளைப் பற்றிப் பேச்செடுத்தாலே எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. இப்படி உழைத்தவளுக்கு இப்படி ஒரு கெட்ட பெயரா?

காரிமங்கலத்துக்குக் கிழக்கே ஒரு பழப்பண்ணையில் நான் எழுத்தர், அவள் தினக்கூலி. ஒட்டுக் கட்ட அடிச்செடியாகும் ஜம்பேரி எலுமிச்சை மரங்களில், கலப்பு ரகம் உண்டாக்க, மகரந்தம் தடவுவது அவள் வேலை. காலையில் ஏணியேறி, விரியப் போகும் மொட்டாகப் பார்த்துத் திறந்து, பூவின் சொந்த மகரந்தம் உள்ள கேசரங்களைக் கிள்ளிப் போட்டு, குடகிலிருந்து சீசாவில் வரும் வேற்று ரக மகரந்தத்தைத் தூரிகையால் ஒற்றிக் காகிதப் பை கட்டுவாள். முள் கிழித்து முன்கை முழுக்கக் கோடு கோடாக இருக்கும். ஒரு நாளைக்கு நாற்பது பூ. ஒன்றில்கூட ஏமாற்றியதில்லை. கீழே நின்று எண்ணிக்கை எழுதியவன் நான்.

காய் பிடிக்கும், பழுக்கும், விதையும் முளைக்கும். ஆனால் நாற்றெல்லாம் தாய் மரத்தை உரித்து வைத்திருக்கும். அதிகாரி தர்மன் வந்து பார்த்துவிட்டு, கலப்பு ஒன்றுகூட இல்லை என்பார். முதல் வருடம் முகம் சுளித்தார், அடுத்த வருடம் கத்தினார். மூன்றாம் வருடம், எண்பத்தாறில், எல்லார் முன்னாலும் கேட்டார்.

"கேசரத்த எடுக்காமலே சும்மா பையக் கட்டிட்டுக் கூலி வாங்குறியா?"

"எம்புள்ளைங்க மேல சத்தியமா இல்லீங்க சார்."

பத்து வருடக் கூலி வேலைக்குப் பிறகு, அந்த மாதம்தான் நிரந்தரப் பட்டியலில் அவள் பெயர் சேர வேண்டியிருந்தது. தர்மன் அதை நிறுத்தி வைத்தார். ஒரே ஒரு கலப்புச் செடியைக் காட்டினால் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார். கலப்புச் செடி எப்படி இருக்கும் என்று அவள் கேட்டதற்கு, "அதெல்லாம் எங்களுக்குத் தெரியும், நீ வேலையப் பாரு" என்றார்.

சித்திரையில் சகாயமேரி என்ற ஆராய்ச்சியாளர் வெளியூரிலிருந்து வந்தார். நாற்றுப் பாத்தியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்தம்மா மேல எதுக்குக் கோபப்படறீங்க?" என்று தர்மனைக் கேட்டார். "இந்த மரத்து விதைக்குள்ள தாயோட சதையிலிருந்தே கரு உண்டாயிடும். அப்பனுக்கு அதுல பங்கே இல்ல. நீங்க தடவுற மகரந்தம் மூணு இலை ரகம். அப்பன் வழியா வந்த கன்னு மட்டும்தான் மூணு மூணா இலை விடும். அது ரொம்ப அபூர்வம். மூணு வருஷத்துல ஒண்ணுகூடவா வரல?"

தீர்த்தம்மாள் முகம் வெளுத்துப் போயிற்று.

"வந்துச்சுங்கம்மா. பாத்தியில களையெடுக்கையில வருசத்துக்கு ரெண்டு மூணு வரும். நான் வில்வக் கன்னுன்னு நெனச்சேனுங்க. சார் வர்றதுக்குள்ள பாத்தி ஒரே மாதிரியா, சுத்தமா இருக்கணும்பாங்க. வில்வத்தப் புடுங்கி வீசுனா பாவமில்லீங்களா? எங்கூரு ஈஸ்வரன் கோயில்ல கொண்டுபோயி நட்டுட்டேன்."

ஜீப்பில் போனோம். கோயில் மதிலோரம் ஏழு குச்சிகள் முள்ளோடு நின்றன, ஒன்றிலும் இலை இல்லை. பூசாரி பெருமையாகச் சொன்னார்: "தளிர் உட்டா அன்னைக்கே அர்ச்சனைக்குப் பறிச்சிருவோமுங்க. இந்த வில்வத்துல எலுமிச்ச வாசம் வேற அடிக்கும். எல்லாம் சாமி சக்தி."

சகாயமேரி குனிந்து ஒவ்வொரு குச்சியையும் நகத்தால் கீறிப் பார்த்தார். ஒன்றில்கூடப் பச்சை இல்லை, ஏழும் பட்டுப்போயிருந்தன.

"இது நம்ம பாத்தியில முளைச்சதுன்னு எதை வெச்சு நம்புறது மேடம்?" என்றார் தர்மன். சகாயமேரி எவ்வளவோ வாதாடினார். தர்மன் அசையவில்லை, ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டார். எனக்கு அவரைச் சட்டையைப் பிடித்து இறக்க வேண்டும் போலிருந்தது. இறக்கவில்லை.

தீர்த்தம்மாள் அந்தக் குச்சிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க தேடுனத நான் மூணு வருசமாக் கும்புட்டுக்கிட்டு இருந்திருக்கேன். மூணு எலைன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா எம் பொழப்பு இப்படிப் போயிருக்குமா?" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "சார், உங்களுக்கும் தெரியாதுங்களா?"

தெரியும். பதிவேட்டில் 'மூன்று இலைக் கன்றுகள்' என்று தலைப்பெழுதி, அதற்குக் கீழே மூன்று வருடமும் பூஜ்யம் போட்டவன் நான்தான். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அதை வாசித்துக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.