வாரத்து எருமை

கல்யாணமான புதிதில் எங்கள் இருவருக்கும் கூலிதான் சோறு. மழை பெய்தால் கடலைக்காட்டில் வேலை இருக்கும், பெய்யாவிட்டால் பட்டினிதான். இப்படியே கிடந்து சாகவா என்று, ஒரு தோட்டத்துக்காரரிடம் எருமைக் கிடாரி ஒன்றை வாரத்துக்கு ஓட்டி வந்தேன். கிடாரி அவருடையது, வளர்ப்பு நம்முடையது. ஈன்ற பிறகு விலை பேசுவார்கள். அவருக்குப் பிடித்தால் பாதி விலையை நமக்குக் கொடுத்து ஓட்டிப் போவார். வேண்டாமென்றால் நாம் பாதியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி வைத்துக்கொள்ளலாம்.

எருமை ஈன்றது. வெண்ணெய் உருக்கி, முருங்கைக்கீரை போட்டு இறக்கினேன். ராசிபுரம் சந்தையில் நெய்க்குப் போட்டி போட்டார்கள். களி கிண்டிய சட்டியில் அரிசி வெந்தது. இந்த எருமையை விடக்கூடாது என்று முடிவு கட்டினேன். தோட்டத்துக்காரர் வந்தால் வாயே திறக்கக் கூடாது என்று என் வீட்டுக்காரருக்குப் படித்துப் படித்துச் சொன்னேன். தலையாட்டினார் மனுஷன்.

தோட்டத்துக்காரரும் வந்தார். எருமை உதைக்கிறது, பால் தண்ணீராக இருக்கிறது, தீனிதான் தண்டம் என்று அடுக்கினேன். முகம் சுளித்தவர் சரி, உன்னிடமே கிடக்கட்டும் என்று கிளம்பவும் எழுந்துவிட்டார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ராசியில்லாத எருமை என்றும் ஒரு வார்த்தை சேர்த்தேன்.

என் வீட்டுக்காரருக்கு அது பொறுக்கவில்லை. தினமும் குட்டையில் தேய்த்துக் குளிப்பாட்டியவர் அவர்தானே.

"வாயில்லாச் சீவனைப் போயி அப்படிச் சொல்லலாமுங்களா? ரெண்டு வேளையும் சட்டி நெறையக் கறக்குதுங்க. கொழந்தையாட்டம் நிக்கும். வேணும்னா நீங்களே கறந்து பாருங்க சாமி."

வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்தது என்பார்கள். எங்கள் வீட்டுத் தாழிக்கு வாய் இருந்தது. தோட்டத்துக்காரர் சிரித்துக்கொண்டே பாதி விலையை என் கையில் வைத்துவிட்டு, எருமையையும் கன்றையும் ஓட்டிப் போனார். மோட்டார் போகும் சாலை வரை பின்னாலேயே போன என் வீட்டுக்காரர், கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவருக்குச் சோறு போட்டேனே தவிர, பேச்சுக் கொடுக்கவில்லை.

சந்தை நாளன்று காசை முந்தானையில் முடிந்துகொண்டு கிளம்பினேன். பாதி விலைக்கு நோஞ்சான் எருமைதான் கிடைக்கும். கிடைத்தால் முழுசாக எங்களுடையது. அவரும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்.

"நீங்க ஊட்டுல இருங்க," என்றேன். "வாங்கப் போறவங்க எருமையைக் கொறை சொல்லோணுமுங்க. அது உங்களால ஆகாது."

அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, காலியாகக் கிடந்த தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்துக் கழுவ ஆரம்பித்தார்.