இரணைமடுவில் இழுத்த விரால்

சித்திரை மாதச் சனிக்கிழமை. காலை ஐந்து மணிக்கு வல்வெட்டித்துறையில் பஸ் ஏறினேன். கொடிகாமம் வரை முப்பது சதம். அங்கிருந்து ரயில். ஆனையிறவில் இரண்டு பக்கமும் நீர். அதைத் தாண்டினால் வெறும் காடு. கிளிநொச்சியில் இறங்கி, மாட்டுவண்டியில் நாலு மைல் போனால் இரணைமடுக் குளம். என் மருமகன் அங்கே குளத்து வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியர்.

மகளைப் பார்க்கப் போகிறேன் என்றுதான் பிள்ளைகளிடம் சொன்னேன். போனது மீன் பிடிக்க. என் தகப்பன், புருஷன், மூன்று ஆண்பிள்ளைகள் எல்லாரும் கடலில் பிடித்தவர்கள். நான் அறுபத்திரண்டு வயதுவரை மீன் அறுத்திருக்கிறேன், காயவைத்திருக்கிறேன், ஒன்றையேனும் இழுத்ததில்லை. எங்கள் கரையில் பெண்கள் தூண்டில் தொடுவதில்லை. குளத்தில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. மருமகனோ ஞாயிறு தோறும் பொழுதுபோக்காகத் தூண்டில் போடுகிறவர்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் குளக்கட்டில் உட்கார்ந்தோம். கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். அலையுமில்லை, உப்பு மணமுமில்லை. மருமகன் மண்புழு குத்தித் தடியை என் கையில் தந்தார். பத்து மணிவரை ஒன்றுமில்லை. குளத்துக் காவற்காரன் வந்து நின்றான்.

"எணை ஆச்சி, உதுக்குள்ளை சுறா வராது."

"வந்தால் முதல் ஓடுறது நீதான் மோனை."

அவன் சிரித்து முடிக்கவில்லை, தடி வளைந்தது. மருமகன் பாய்ந்து வந்தார்.

"தாங்கோ மாமி, நான் இழுக்கிறன்."

"தொடாதேங்கோ தம்பி!"

தடியைக் கீழே போட்டுவிட்டு, எங்கள் ஆட்கள் வள்ளத்தில் இழுப்பதுபோல் நூலையே கைமாற்றிக் கைமாற்றி இழுத்தேன்.

"ஐயோ, தடியாலை எடுங்கோ, நூல் அறப்போகுது!"

நூல் விரலை வெட்டியது, அறவில்லை. ஒரு முழ விரால் புல்லில் வந்து விழுந்தது.

"பார்த்தாச்சுத்தானே மாமி, திருப்பி விடுவம். நான் அப்பிடித்தான் விடுறனான்."

"நீங்கள் கனக்கப் பிடிப்பியள் தம்பி. எனக்கு இது ஒண்டுதான்."

விரால் கொஞ்சத் தண்ணீரிலும் உயிரோடு கிடக்கும். பானையில் விட்டு, வாயை ஈரத்துணியால் கட்டி, பின்னேர ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

திங்கள் மத்தியானம் குழம்பு வைத்தேன். மூத்தவன் சட்டியை எட்டிப் பார்த்தான்.

"ஆரணை பிடிச்சது?"

"நான்தான்."

மூன்று பிள்ளைகளும் சாப்பிட உட்கார்ந்தார்கள். எங்கள் வீட்டில் மீன்தலை, அந்த மீனைப் பிடித்து வந்தவனுக்கு. பெண்கள் கடைசியில் சாப்பிடுவோம். அன்று அவர்களோடு உட்கார்ந்து, தலையை என் சாப்பாட்டுக் கோப்பையில் போட்டுக்கொண்டேன். சேற்று மணம். எங்கள் கடல்மீனுக்குக் கிட்டவும் வராது. ஆனாலும் முள்ளைக்கூட உறிஞ்சித்தான் வைத்தேன்.