வால்ட்டர் காலியாக விட்ட வரி

பத்திரிகையில் செய்தியையும் படத்தையும் அடுக்கிப் பக்கம் கட்டுகிறவர்களுக்கு ஒரு ராசி உண்டு: பாராட்டெல்லாம் செய்தி எழுதியவருக்குப் போகும், திட்டு நம்மைத் தேடி வரும். இந்தப் பிழைப்பில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

டாலஸில் ஒரு கறுப்பினக் குடும்பம் நடத்தும் வாரப் பத்திரிகையில் ஆறு வருடமாகப் பக்கம் கட்டுகிறேன். முதலாளி வால்ட்டர். பத்திரிகையைத் தொடங்கியவர் அவருடைய அப்பா.

வாசித்துக் காட்டுவது

எங்களிடம் வரும் மரண அறிவிப்பு ஒவ்வொன்றையும், அச்சுக்குப் போகும் முன் வால்ட்டர் அந்தக் குடும்பத்துக்குப் போனில் முழுதாக வாசித்துக் காட்டுவார். அவர்கள் அழுதால் காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து தொடருவார். பக்கத்தை முடிக்க முடியாமல் நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பேன்.

ஈமெயில் அனுப்பினால் போதாதா என்று ஒருநாள் கேட்டேன்.

"பெரிய பேப்பர்கள் எங்க ஆளுங்க செத்ததைப் போடாத காலத்துல எங்கப்பா ஆரம்பிச்சது இது. இதுலயும் பேரு தப்பா வந்தா அவங்க எங்கே போவாங்க?"

தொப்பி

சர்ச் பாடகர் குழுவில் பாடும் ஒரு அம்மாளின் படம் பத்தியில் அடங்கவில்லை. முகம் தெரிந்தால் போதும் என்று மேலே கொஞ்சம் வெட்டினேன். பேப்பர் வந்த அன்றே அந்த அம்மாள் அகலமான ஊதாத் தொப்பியோடு என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். குரல்கூட உயரவில்லை.

"என் மூஞ்சியை ஊரே பார்த்திருக்கு. தொப்பிதான் புதுசு."

ஜனவரி வேலை

ஒவ்வொரு ஜனவரியும் வால்ட்டர் தன்னுடைய மரண அறிவிப்பையே திருத்தி என்னிடம் கொடுப்பார். முதல் தடவை வீட்டில் சொன்னபோது, "வேற வேலைக்கு அப்ளை பண்ணி வை" என்றார் என் கணவர். வால்ட்டருக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. இன்னொருவர் எழுதினால் தப்பு வரும் என்ற பயம்தான்.

அதில் 'பத்திரிகையைத் தொடர்ந்து நடத்துபவர்' என்று ஒரு வரி. அதற்குப் பிறகு காலி. ஒரே மகள் ரெனே, பக்கத்து ஊரான ரிச்சர்ட்சனில் டெலிகாம் என்ஜினியர். அவள் வராவிட்டால் பத்திரிகை அவரோடு முடிந்தது. இது ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். அவளிடம் கேட்க மட்டும் அவருக்கு வாய் வரவில்லை. அந்த இடத்தை என்ன செய்வது என்று நான்தான் அவரிடம் கேட்டேன்.

"அப்படியே விடுங்க. இடம் விட்டு வைக்கிறது உங்க வேலைதானே?"

குரல் போன வாரம்

இந்த ஜனவரியில் வால்ட்டருக்குத் தொண்டை கட்டிக் குரலே எழும்பவில்லை. பேசவே கூடாது என்றுவிட்டார் டாக்டர். அறிவிப்புகளை வாசிக்க, ஒரே ஒரு நாள் என்று சொல்லி ரெனே லீவு போட்டு வந்தாள். மனைவியை இழந்த ஒருவருக்கு முதல் போன். வாசித்து முடித்தும் அவர் வைக்கவில்லை. இவளும் வைக்கவில்லை. அடுத்த நாளும் வந்தாள். அடுத்த வாரமும் வந்தாள்.

அப்போதுதான் என் திரையில் இருந்த அப்பாவின் அறிவிப்பு அவள் கண்ணில் பட்டது. மூடப் போனேன், விடவில்லை. கடைசி வரிவரை படித்தாள். பிறகு, இன்னும் குரல் திரும்பாமல் வீட்டில் இருந்த அப்பாவை ஸ்பீக்கர் போனில் கூப்பிட்டு, வழக்கப்படி முதலிலிருந்து வாசித்துக் காட்டினாள். காலி இடம் வந்ததும் தன் முழுப்பெயரைச் சேர்த்து வாசித்தாள். எதிர்முனையில் மூச்சு மட்டும் கேட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ரெனே என் பக்கம் திரும்பினாள்.

"மறுப்பு ஒண்ணும் வரலை. டைப் பண்ணுங்க."

ஆறு வருடமாகப் பத்திரமாக இடம் விட்டு வைத்திருந்தும் அவள் பெயர் ஒரு வரியில் அடங்கவில்லை, ஆனால் எதையாவது வெட்டும் தைரியம் எனக்கு அந்த ஊதாத் தொப்பியோடு போய்விட்டது.