டிக்கியில் கோயில் அரிசி

என்னுடையது எஞ்சின் பின்சில்லுகளை மட்டும் சுழற்றும் ஸ்போர்ட்ஸ் கார். கோடையில் அது ராசா. ஸ்னோ விழுந்தால் அதன் பின்பக்கம் எந்தப் பக்கம் போகும் என்று அதற்கே தெரியாது. "இந்தச் சனியனை வித்துப்போட்டு ஒழுங்கான கார் ஒண்டு வாங்குங்கோ" என்று மனைவி சொன்னால் எனக்குப் பொத்துக்கொண்டு கோபம் வரும்.

அந்த வெள்ளிக்கிழமை லண்டன் இல்ஃபோர்டில் கடை வைத்திருக்கும் அண்ணை, கோயில் அன்னதானத்துக்கென்று மூன்று மூட்டை அரிசியை என் டிக்கியில் ஏற்றிவிட்டார். வெளியே ஸ்னோ கொட்டியது. ஆனால் பின்னால் பாரம் ஏறியதும் கார் சாதுவாகிவிட்டது, ஏற்றத்தில்கூட வழுக்கவில்லை.

கோயில் வாசலில் நிறுத்திய பிறகுதான் யோசித்தேன். அரிசியை இறக்கினால் எப்படி வீட்டுக்குப் போவது? நாளைக்குக் கொடுக்கலாம் என்று, டிக்கியைத் திறக்காமலே உள்ளே போனேன்.

சமையல் செய்யும் அம்மா என் தட்டில் சோறு போட்டார்.

"வாற அரிசி வரேல்லைத் தம்பி. இந்த ஸ்னோவுக்கை ஆர்தான் கொண்டு வருவினம், பாவங்கள். இருந்ததைச் சமைச்சனான். பிந்தி வாற சனத்துக்குக் காணாது."

போதும் என்று கையால் மறித்தேன்.

"இவ்வளவு தூரம் வந்தனீங்கள், வடிவாச் சாப்பிடுங்கோ" என்று இன்னோர் அகப்பை போட்டார்.

வாசலில் ஸ்னோவை உதறிக்கொண்டு சனம் வந்துகொண்டிருந்தது. இப்போது போய் அரிசியை எடுத்துவந்தால், ஏன் முதலே இறக்கவில்லை என்று கேட்பார்கள். தலையைக் குனிந்தபடி தட்டை முடித்தேன்.

வீடு வரும்வரை கார் ஓரிடத்திலும் வழுக்கவில்லை.